ஐசியின் மேல் எண்ணைச் சுரண்டியவர்கள்

சென்ற மாதம் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். அங்கே ஒரு சிறிய நூற்பாலையில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறாராம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில் கழித்துக்கட்டிய பழைய கோன் வைண்டிங் இயந்திரம் ஒன்று, கைமாறிக் கைமாறி அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் நம்பரை யார் கொடுத்தது என்று முதலில் கேட்டேன். அதைச் சொல்லாமலே மேலே பேசினார்.

“சார், ஒரு கார்டுல பதினாலு ஐசில நம்பரே இல்ல. யாரோ வழுவழுன்னு சொரண்டி வச்சிருக்காங்க. எந்தப் படுபாவி பண்ண வேலை சார் இது?”

படுபாவிகள் மொத்தம் மூன்று பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் ஒருவர், எங்கள் செக்சனில் என்னோடு இருந்த அற்புதராஜ், மூன்றாவது நான். போனில் அதைச் சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்றேன். “தெரிஞ்சத அடுத்தவனுக்குச் சொன்னா என்ன சார் கொறஞ்சு போயிரும்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கேட்க எளிதான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். அங்கே கற்றுக்கொடுத்தது ரேடியோ. எண்பதுகளின் தொடக்கத்தில் மில்லில் சேர்ந்தபோது கொடுத்த வேலை டியூப்லைட் சோக் மாற்றுவது. ரேடியோவுக்கும் சோக்குக்கும் நடுவில் நான் கற்றது எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை, நடுவில் பஸ். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் பாதியில் மூன்று புதிய வைண்டிங் இயந்திரங்கள் வந்து இறங்கின. நூற்ற நூல் முதலில் சின்னச் சின்ன பாபின்களில் இருக்கும். அதைப் பெரிய கோனில் சுற்றுவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. சுற்றும்போது நூல் ஒரு மின்னணுக் கண்ணின் ஊடாக ஓடும். நூலில் எங்காவது தடிப்பு வந்தால் அந்தக் கண் பார்த்து வெட்டிவிடும். கண்ணுக்கு மூளையாகப் பின்பக்கப் பெட்டிக்குள் ஐசி எனும் சில்லுகள் பதித்த கார்டுகள் இருக்கும். இயந்திரத்துக்கு எட்டு, ஆக இருபத்து நான்கு.

கார்டு பழுதானால் இயந்திரம் செய்த கோயம்புத்தூர் கம்பெனிக்கு எழுத வேண்டும். கம்பெனி இன்ஜினியர் வருவார். வந்து பெட்டியின் மூடியில் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றும் வரை எங்களை நிற்க விடுவார். ஆறாவது ஸ்க்ரூ கழன்றதும், “தம்பி, ஒரு டீ சொல்ல முடியுமா?” என்பார். கேன்டீன் மில்லின் மறுகோடியில் இருந்தது. டீயோடு திரும்பினால் ஆறு ஸ்க்ரூவும் திரும்ப மாட்டியிருக்கும். அடுத்த முறை நான் முன்கூட்டியே பிளாஸ்கில் டீ வாங்கி வைத்திருந்தேன். ஆறாவது ஸ்க்ரூ கழன்றது. “டீ ரெடி சார்” என்றேன். பிளாஸ்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எனக்குக் காபிதான் ஒத்துக்கும்” என்றார்.

அவர் போன பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். அவர் மாற்றியிருந்த இரண்டு ஐசிகளின் மேலும் எண் இல்லை. ஐசியின் மேல் அச்சடித்திருக்கும் எண்தான் அதன் பெயர். பெயர் தெரிந்தால் மதுரையில் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். தெரியாவிட்டால் அது நாலு பக்கமும் அடைத்த ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். தொழிலில் நான் கற்ற முதல் பெரிய பாடம் இதுதான்.

நான் மில்லில் சேர்ந்த மறுவருஷமே அற்புதராஜ் வந்து சேர்ந்திருந்தான். சொந்த ஊர் மகாராஜபுரம். ஐ.டி.ஐ. படித்தவன், என்னைவிட நான்கு வயது இளையவன். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அற்புதராஜின் கை வேகமான கை. ஈயம் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவில் நிற்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அவன் மேல் ஒரு கண் இருந்தது. அவனுக்கும் என் மேல் இருந்திருக்கும். செக்சனில் இரண்டு மேசை, இரண்டு இழுப்பறை, இரண்டு பூட்டு. சுவரோரம் இருந்த ஸ்டூலை மட்டும் பொதுவில் வைத்திருந்தோம்.

சில வருஷங்களில் கோயம்புத்தூருக்கு எழுதுவது நின்றுபோனது. கார்டுகளை நாங்களே சரிசெய்தோம். சரிசெய்தவன் எண்ணைச் சுரண்டினான்.

அதற்கும் முறை உண்டு. முதலில் ஐசியின் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். பழைய பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்து, எண் அச்சான மேல்தோலை மட்டும் சீவ வேண்டும். அழுத்தினால் விளிம்பு உடையும், கால்கள் ஆடும். பிறகு ஜீரோ நம்பர் உப்புத்தாள் போட வேண்டும். தூளை வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். பழைய பல் பிரஷால் ஒரே திசையில் தள்ள வேண்டும். கடைசியில் நகப்பூச்சு. நான் நிறமில்லாததைப் பூசினேன். அற்புதராஜ் ரோஸ் பூசினான். அவன் மனைவி நர்ஸ், டியூட்டியில் நகப்பூச்சு கூடாதாம், வீட்டில் பாட்டில் சும்மா கிடந்ததாம். ஒரு கார்டை வெளியே எடுத்தாலே எது என் வேலை, எது அவன் வேலை என்று நிறத்தில் தெரிந்துவிடும்.

சுரண்டுவதோடு முடியவில்லை. தேவையே இல்லாத ஒரு ரெசிஸ்டரைக் கார்டில் சேர்த்து வைக்கும் பழக்கமும் எங்களிடம் இருந்தது. அது எதையும் செய்யாது. திருட்டுத்தனமாகப் பார்க்கிறவன் அதையே சுற்றிச் சுற்றி வந்து நேரத்தைத் தொலைக்க வேண்டும், அதற்குத்தான் அது. நான் இடது மூலையில் வைப்பேன். இன்னொருவனும் இதையே செய்யக்கூடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.

எங்கள் மானேஜர் கோதண்டராமன் சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உயரம், மெலிவு, சலவைச் சட்டை. வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால் வந்து நிற்பார். நின்றது, கொஞ்ச நேரம் கழித்து ஏலக்காய் வாசனை வந்தால்தான் தெரியும், எப்போதும் வாயில் ஒன்று போட்டிருப்பார். ஒரு கேள்வியை ஒருவரிடம் கேட்டு நிறுத்த மாட்டார். “ரெண்டாம் நம்பர் மெஷின் ஏன் நின்னுச்சு சிவம்?” என்று என்னிடம் கேட்பார். அதே கேள்வியை அதே குரலில் அற்புதராஜிடம் தனியாகக் கேட்பார். பிறகு மெஷின் ஓட்டும் பெண்ணிடமும் கேட்பார். யார் என்ன சொன்னார்கள் என்று ஒருபோதும் வாயைத் திறக்க மாட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “சரே, சரே.”

தொண்ணூறுகளின் நடுவில் மில்லுக்குத் தரச்சான்று வாங்க வேண்டும் என்று முடிவானது. அதற்கு ஒவ்வொரு செக்சனும் தன் வேலை முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். நன்றாக எழுதுகிறவர்களுக்கு விழாவில் எவர்சில்வர் டம்ளர் தருவார்கள். நோட்டீஸ் ஒட்டிய அன்றே சைக்கிள் ஸ்டாண்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

“எழுதி வாங்கிக்கிட்டு ஆள அனுப்பிருவான்.”

“டம்ளரக் கையில குடுத்துத்தான் அனுப்புவான். தண்ணி குடிக்க வேணும்லா.”

அற்புதராஜ் எழுதிக் கொடுத்ததை நான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்பது வேண்டாம். மூன்று வரி. ‘கார்டைக் கழற்றவும். பழுதைச் சரிசெய்யவும். கார்டை மாட்டவும்.’ நான் ஐந்து வரி எழுதியிருந்தேன். மின்சாரத்தை நிறுத்துவது, திரும்பக் கொடுப்பது என்ற இரண்டும் என்னுடையதில் கூடுதல். இருவருக்கும் டம்ளர் கிடைத்தது.

அதற்கு அடுத்த கோடையில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

பங்குனி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒரு கார்டு செத்தது. ரெகுலேட்டர் எரிந்திருந்தது. கார்டுக்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பாகம் அது. மாற்றினேன். மறுநாள் திரும்ப எரிந்தது. இன்னொரு கார்டு செத்தது, அதை அற்புதராஜ் பார்த்தான். அவன் மாற்றியதும் எரிந்தது. அடுத்தடுத்து நான்கு கார்டுகள். ஏற்றுமதி நூல் கோன் ஆகாமல் பாபினாகவே கூடை கூடையாகத் தேங்கியது. எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம், மற்றவன்தான் ஏதோ செய்கிறான் என்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது என் கார்டுகளை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போனேன். அவனும் பூட்டிக்கொண்டு போனான்.

மானேஜர் பல வருஷம் கழித்துக் கோயம்புத்தூர் கம்பெனியைக் கூப்பிட்டார். வந்தவர் புது இன்ஜினியர். வரைபடத்தை விரித்து, கார்டைப் பக்கத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று சில ஐசி, ரோஸ் நிறத்தில் சில ஐசி, எதற்கும் எண் இல்லை.

“சார், இது எங்க கார்டே இல்ல” என்றார் மானேஜரிடம். “இருபத்து நாலையும் தூக்கிப் போட்டுருங்க. புதுசு தர்றோம். மெயின்டெனன்ஸ் கான்ட்ராக்டும் எங்ககிட்டயே குடுத்துருங்க. அப்புறம் ஒங்களுக்கு இந்த செக்சனே வேண்டாம்.”

எங்களை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மானேஜர் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். அது சனிக்கிழமை மத்தியானம். “திங்கக்கிழமை மொதலாளி வர்றார். அந்த ஆள் சொன்னத அவர்ட்டச் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல் பின்னால் நின்றார்.

நின்றால் எங்களுக்கு வாய் திறக்காது. அற்புதராஜ்தான் பேசினான். “சார், நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போங்க சார். ஏலக்கா வாசத்துல எனக்கு மூள ஓட மாட்டேங்குது.”

கோதண்டராமன் சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். போய்விட்டார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். அற்புதராஜ் எழுந்து போய்ச் சாத்தினான்.

செத்த கார்டு ஒன்று நடுவில் இருந்தது. ஒன்பது ரோஸ், பத்து பளபளப்பு. பாதி மூளை அவனிடம், பாதி மூளை என்னிடம்.

“சொல்லு” என்றேன்.

“நீங்க மூத்தவுக. நீங்க சொல்லுங்க.”

“எளையவன்தான் மொதல்ல சொல்லணும்.”

“எந்த ஊர் வழக்கம் அண்ணாச்சி இது? பந்தியில மட்டும் நீங்க மொதல்ல ஒக்காருதீக.”

கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்று ஒப்பந்தம் ஆனது. அவன் ஒரு ரோஸைத் தொட்டு அதன் எண்ணைச் சொல்வான், நான் ஒரு பளபளப்பைத் தொட்டுச் சொல்வேன். கடையில் சில்லறை மாற்றுவது போல. அவன் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. மீட்டர் வைத்துக் காலுக்குக் கால் பார்த்த பிறகுதான் என்னுடையதைச் சொன்னேன். அவனும் என்னுடையதை அப்படித்தான் பார்த்தான். இப்படி ஆளுக்கு ஏழு போனது. ஏழு முடிந்ததும் அவன் இரண்டு கையையும் விரித்தான்.

“அம்புட்டுதான் அண்ணாச்சி. மிச்சம் மறந்துபோச்சு. கை காலி.”

“எனக்கும் அம்புட்டுதான்” என்றேன்.

எரியும் காரணம் மட்டும் கிடைக்கவில்லை. அற்புதராஜ் கார்டின் இடது மூலையில் இருந்த ரெசிஸ்டரைப் பென்சிலால் தட்டினான்.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். இத எதுக்கு வச்சீக? மண்டையப் போட்டு ஒடச்சிட்டேன், பிடிபடல. ஆனா இது இருக்க கார்டு நல்லா ஓடுச்சு. அதான் போன மார்கழில நானும் என் கார்டு எல்லாத்துலயும் வச்சிட்டேன்.”

“என் கார்ட நீ எப்பப் பாத்த?”

“அத விடுங்க. இது எதுக்கு?”

“ஒண்ணுக்கும் இல்ல. நீ பாத்து மண்டைய ஒடச்சிக்கிடணும்னு வச்சது.”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வலது மூலையைக் காட்டினான். அங்கே இன்னொரு ரெசிஸ்டர். “அப்ப இது?”

“அது நீ கண்டுபிடிச்ச வித்தைன்னுல்லா நான் நெனச்சேன். நானும் எல்லாத்துலயும் வச்சிட்டேன்.”

“அதுவும் சும்மா, அண்ணாச்சி. நீங்க சுத்தணும்னு வச்சது.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு ரெசிஸ்டரும் தொங்கியது ரெகுலேட்டரிலிருந்து வரும் ஒரே லைனில், இரண்டும் வீணாக மின்சாரம் குடித்தன. ஒன்று மட்டும் இருந்தால் ரெகுலேட்டர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், அவ்வளவுதான். இரண்டும் இருந்தால் சும்மாவே கை வைக்க முடியாது. மார்கழிக் குளிரில் தாக்குப்பிடித்தது, வெயில் ஏறியதும் போய்விட்டது. எங்கள் கை பட்டு இரண்டும் இருந்த கார்டுகள் பதினொன்று. அதில் செத்தவை நான்கு. மீதி ஏழு சாவதற்குக் காத்திருந்தன.

பதினொன்றிலிருந்தும் இரண்டையும் வெட்டி எடுத்தோம். நான்கு ரெகுலேட்டர்களை மாற்றினோம். மூன்று இயந்திரமும் ஓடின. வெட்டிய இருபத்திரண்டு ரெசிஸ்டர்களையும் அற்புதராஜ் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவற்றை என்ன செய்தான் என்று தெரியாது.

மானேஜரிடம் என்ன சொல்வது என்றும் பேசி வைத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் கோயம்புத்தூர்க்காரர் வேண்டாம், நாங்களே எங்களை அனுப்பியதாகிவிடும். ‘வெயிலில் ரெகுலேட்டர் தாங்கவில்லை, லைனில் சுமையைக் குறைத்திருக்கிறோம்.’ இதுதான் பதில். இதில் பொய் கிடையாது.

திங்கட்கிழமை காலை கோதண்டராமன் சார் முதலில் அற்புதராஜைக் கூப்பிட்டார். பிறகு என்னை. அன்றுதான் முதல்முறையாக அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டார். பேசி வைத்ததைச் சொன்னேன். “சரே” வரவில்லை.

“சிவம், இத்தன வருஷமா ஒங்க ரெண்டு பேர்ட்டயும் ஒண்ணக் கேட்டா ரெண்டு பதில் வரும். ரெண்டையும் கூட்டி நடுவுல உள்ளத எடுத்துக்குவேன். இன்னைக்கு வார்த்தை மாறாம ஒரே பதில் வருது. பேசிக்கிட்டீங்களா?”

“ஆமா சார்.”

“எல்லாத்தையுமா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “நல்லது. இதத்தான் நானும் எழுதுங்க எழுதுங்கன்னு கேட்டேன். ஆனா ஒரு விஷயம். எல்லா செக்சன்லயும் ஆள் கொறைக்கணும்னு மேல இருந்து உத்தரவு. ஒங்க செக்சன மட்டும் விட்டு வச்சிருந்தேன், அவருக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியாது, இவருக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதுன்னு. இப்ப ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். அப்பொறம் ரெண்டு பேர் எதுக்கு?”

மிரட்டலாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் கேட்டார். அந்தக் கணக்கில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. படிப்பைப் பார்த்தால் நான் நிற்பேன். கையைப் பார்த்தால் அவன் நிற்பான். எனக்கு அப்போது இரண்டு பெண்கள் பள்ளியில் இருந்தார்கள். அவனுக்கு ஒரு பையன். இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் பேசி வைத்திருக்கவில்லை. எனக்கு முன்னால் இதையே அவனிடமும் கேட்டிருப்பார். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவர் முகத்தில் தேடினேன். அந்த முகத்தில் யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

“எல்லாம் தெரியாது சார்” என்றேன். “அவன் எனக்குச் சொன்னது ஏழு. ரோஸ் பூசினது ஒன்பது. இன்னும் ஒளிச்சு வச்சிருக்கான். அவன அனுப்பினா அது அவனோடயே போயிரும்.”

கோதண்டராமன் சார் எழுந்து நின்றார். டப்பியிலிருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

“சரே, சரே” என்றார்.

எங்கள் செக்சனில் ஆள் குறைக்கவில்லை. கான்ட்ராக்டும் கொடுக்கவில்லை. அவர் ஓய்வு பெறும் வரை அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரை செக்சனில் இரண்டு மேசையும் இருந்தன.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். வழக்கமாக எட்ட நிற்கும் அற்புதராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்னப் பத்தி சார்ட்ட என்ன சொன்னீக அண்ணாச்சி?”

“இன்னும் ஒளிச்சு வச்சிருக்கான்னு சொன்னேன்.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் ஒங்களப் பத்தி அதத்தான் சொன்னேன்! பொல்லாத மனுசன், இன்னும் பாதிய அமுக்கி வச்சிருக்காருன்னு. எனக்காகப் பொய் சொன்னீகளே, ஒங்களுக்குப் புண்ணியம்.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. ஒன்பதில் ஏழு போனால் இரண்டு. அவன் சொன்னதும் பொய்யில்லை. என் பத்தில் நான் சொன்னது ஏழுதான். அது தெரிந்து சொன்னானா, தெரியாமல் எனக்காகச் சொன்னானா என்பதை அவனிடம் கேட்க முடியாது. கேட்டால் மூன்று பாக்கி இருப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஏறி, “ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு” என்று கண்டக்டரிடம் கேட்டு வாங்கினான். அன்றுவரை அவன் எனக்கு டிக்கெட் எடுத்ததில்லை. ஊர் வந்து சேரும் வரை, ஏன் எடுத்தான் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.